ஜவ்வாது மலையில் ஒரு மண்பாதை

போளூரில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு நீலத்திரை விரித்தாற்போல் தோன்றுவது ஜவ்வாது மலை. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வளைந்து ஏறும் தார்ச்சாலை ஜமுனாமரத்தூரில் கொண்டு சேர்க்கிறது. அங்கு வருவோரிற் பலர் பீமன் அருவியையும், 1977-இல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிவதில் பங்குகொண்ட காவலூர் வானோக்கு நிலையத்தையும் கண்டு திரும்பிவிடுவர். நாங்களோ மண்பாதையில் ஜீப் ஓட்டிப் பழகச் சென்றோம்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைதல் குற்றம். ஆதலால் இரு சிற்றூர்களை இணைக்கும் மூன்று கிலோமீட்டர் பாதையையே தேர்ந்துகொண்டோம். இருபுறமும் சாமைக் கொல்லைகள், இடையிடையே புளியமரங்கள்.

புதியவர்க்கு அப்பாதை நல்லாசான். சரிவில் இறங்குகையில் பிரேக்கையே நம்பாமல் முதற் கியரில் விட்டால், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. மழைநீர் அறுத்த பள்ளத்தில் சக்கரத்தை இறக்காமல், அதன் இருபக்க மேட்டிலும் ஏற்றிச் செல்லவேண்டும். கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துள் நுழைத்துப் பிடித்தலாகாது. சக்கரம் கல்லில் மோதினால் வளையம் வெடுக்கெனத் திரும்பி விரலை முறித்துவிடும்.

பாதி வழியில் ஓர் ஓடை குறுக்கிட்டது. நீர் கணுக்காலளவே இருக்குமென எண்ணி, வேகமாகப் பாய்ந்துவிட முனைந்தோம். எதிரே விறகுச் சுமையோடு வந்த மூதாட்டி கையமர்த்தினார்.

"இடப்பக்கம் போகாதீங்க, சாமி. சேறு இழுக்கும். நான் நடக்கிற வழியிலே வாங்க."

சுமையை இறக்காமலே அவர் நீரில் நடந்து காட்டினார். அவர் அடி பதித்த இடமெல்லாம் கல் பாவிய திடமான தரை. அவ்வழியே மெல்ல ஊர்ந்து கரையேறினோம்.

சுமையேற்றிக்கொள்ள அழைத்தோம். சிரித்து மறுத்துவிட்டார். மலையாளி என்னும் பழங்குடியினர் அவர்; பெயர் அவ்வாறாயினும் பேசும் மொழி தமிழே. நோயுற்றோரைக் கொண்டுசெல்வதும் பிள்ளைகள் பள்ளி செல்வதும் இப்பாதையில்தான் என்றார்.

எங்கள் முகம் வாடியது. பொழுதுபோக்காக நாங்கள் உழுது சென்ற வழி, அவர்களுக்கு அன்றாட வாழ்வு! ஈரமண்ணில் சக்கரம் இட்ட பள்ளம் காய்ந்து இறுகினால் நடப்போர் காலையன்றோ இடறும்?

திரும்பும்போது ஓடைக்கரையில் வண்டியை நிறுத்தி, எங்கள் சக்கரத்தடங்களைக் கல்லும் மண்ணுமிட்டு நிரவினோம். வண்டி ஓட்டுதலில் அன்று நாங்கள் கற்ற கடைசிப் பாடம் அதுவே.