அலுமாரிக்குள் இருக்கும் குரல்கள்



உங்கள் வீட்டு அலுமாரியின் மேல் தட்டிலோ, கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்த பழைய சூட்கேஸிலோ நாலைந்து கசெட்டுகள் கிடக்கின்றனவா, பாருங்கள். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து நமது ஆண்களும், பின்னர் நமது பெண்களும் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் தொழில் தேடிப் போனார்கள். வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத காலம் அது. எழுதத் தெரியாத உம்மாமார் கசெட்டிலே பேசி, லீவு முடிந்து திரும்பிப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். அங்கிருந்து மகனின் குரல் இன்னொரு கசெட்டில் வரும். அவற்றோடு, ரெக்கோடிங் பாரில் பதிந்து வாங்கிய கிராஅத்துகளும் பயான்களும் நாகூர் ஹனீபாவின் பாடல்களும் சேர்ந்து கிடக்கும்.

இப்போது அந்தக் கசெட்டுகளைப் போட்டுக் கேட்க நல்ல டேப் ரெக்கோடர் கிடைப்பது அரிது. சட்டைப் பைக்குள் அடங்கும் சின்னக் கருவியிலோ போனிலோ ஏற்றிவிடலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எந்த வடிவத்தில் ஏற்றுவது என்பதைக் கடைக்காரனின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது. சமையலறைச் சாமானில் தரம் பார்த்து வாங்கும் நாம், பெற்ற தாயின் குரலில் தரம் பார்க்காமல் விடலாமா?

எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் மூத்த நானா தமாமில் இருந்த காலத்தில் உம்மா பேசி அனுப்பிய ஏழு கசெட்டுகளை அவர் பத்திரமாகத் திருப்பிக் கொண்டு வந்திருந்தார். உம்மா வபாத்தாகிப் பல வருடங்களின் பின்னர் நானாவின் மகன் அவற்றை ஒரு கடையில் கொடுத்து மாற்றி எடுத்தான். ஏழு மணித்தியாலப் பேச்சு, சுமார் 50 மெகாபைட்டுக்குள் அடங்கியிருந்தது. கேட்டுப் பார்த்தால் உம்மா கிணற்றுத் தண்ணீருக்குள் இருந்து பேசுவதைப் போல இருந்தது. "கசெட் பழசு, அதுதான்" என்று கடையில் சொன்னார்களாம். கசெட்டில் பிழையில்லை. இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் குரலைத்தான் குறைத்திருந்தார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு சீடியின் தரத்தில் ஒலியைப் பதிந்தால், ஒரு நொடியின் ஒலி 44,100 தடவை அளக்கப்படுகிறது. இப்படி எதையும் விடாமல் வைக்கும் கோப்புக்கு வேவ் என்று பெயர். ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் இடம் பிடிக்கும். அந்தக் காலத்துக் கம்பியூட்டர்களுக்கு இது தாங்காது. ஆகவே ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் நிறுவனத்து ஆய்வாளர்கள் முன்னின்று உழைத்து ஒரு வழியைக் கண்டார்கள். எம்.பி.3 என்ற பெயர் அதற்கு 1995 ஜூலையில் சூட்டப்பட்டது.

தகரக் கூரையில் மழை கொட்டும்போது அடுத்த அறையில் பேசுவது நம் காதில் விழுவதில்லை அல்லவா? பெரிய ஒலி சின்ன ஒலியை மறைத்துவிடுகிறது. எப்படியும் காதில் விழாது என்று கணக்கிட்ட ஒலிகளை எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்வதுதான் எம்.பி.3 செய்யும் வேலை. அளவோடு எறிந்தால் கேட்பவருக்குத் தெரியாது. நொடிக்கு 128 கிலோபிட் என்ற அளவில் வைத்தால் நிமிடத்துக்கு ஒரு மெகாபைட் போதும். பேச்சு மட்டும் என்றால், மோனோவில் 64 கிலோபிட்டும் போதுமானது. எங்கள் உம்மாவின் குரலை அந்தக் கடையில் 16 கிலோபிட்டுக்கு இறக்கியிருந்தார்கள். காதில் விழ வேண்டியதையும் சேர்த்தே எறிந்துவிட்டார்கள்.

எறிந்தது எறிந்ததுதான். அந்தக் கோப்பைத் திரும்ப வேவ் ஆக மாற்றினால் அளவு பெருக்குமே தவிர, போன ஒலி வராது. கருவாட்டை எவ்வளவு நேரம் தண்ணீரில் ஊறப்போட்டாலும் அது பச்சை மீனாகுமா? எம்.பி.3 ஐ இன்னொரு தடவை சுருக்கினால் இன்னும் கொஞ்சம் போகும். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைப் போட்டோக் கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியிலிருந்து இன்னொரு கொப்பி எடுத்தால் எழுத்து மங்கிக்கொண்டே போவதைப் போல.

ஆகவே நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான்: பாதுகாப்பதற்கு ஒரு கோப்பு, கேட்பதற்கு இன்னொரு கோப்பு. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

பாதுகாக்கும் கோப்பு வேவ் ஆகவோ ஃப்ளாக் ஆகவோ இருக்கட்டும். ஃப்ளாக் 2001இல் வந்தது. யாரும் இலவசமாகப் பாவிக்கலாம். சாரியை நன்றாக மடித்துப் பெட்டியில் வைப்பதைப் போல அது ஒலியை மடித்து வைக்கும். பெரும்பாலும் வேவ் கோப்பின் பாதியளவு இடத்தில் அடங்கும். விரித்தால் ஒரு நூலும் குறைந்திருக்காது. எங்கள் ஏழு கசெட்டுகளையும் மருமகன் வீட்டிலேயே மறுபடி பதிந்தான். டேப் ரெக்கோடரின் ஹெட்போன் துவாரத்திலிருந்து கம்பியூட்டருக்கு ஒரு வயர், அவ்வளவுதான். மோனோவில் பதிந்த வேவ் கோப்புகள் எல்லாமாக இரண்டே கால் ஜிகாபைட் வரை வந்தன. இன்று 16 ஜிகாபைட் பென் டிரைவின் ஒரு மூலைக்குக் காணாது.

இந்த முறை உம்மா தெளிவாகப் பேசினார். "மகன், நல்லா இரிக்கியா? தலைக்கு எண்ணெ வெக்கிறியா?" அந்தக் குரலுக்குப் பின்னால் ராத்தாவின் தையல் மெஷின் ஓடுவது கேட்டது. எங்கள் பள்ளிவாசலின் பாங்கு தூரத்தில் கேட்டது. உம்மா பேச்சை நிறுத்திப் பாங்குக்குப் பதில் சொல்லிவிட்டு, மறுபடி மகனிடம் பேசினார். அந்தக் கடைக் கோப்பில் இவையெல்லாம் வெறும் இரைச்சலாகக் குழம்பிக் கிடந்தன. பின்னால் கேட்கும் அந்தச் சின்னச் சத்தங்கள்தானே எங்கள் வீடு!

கேட்பதற்கான கோப்புக்கு எம்.பி.3 யே போதும். மலிவான சின்னக் கருவிகளும் கார் ரேடியோக்களும் பெரும்பாலும் அதை வாசிக்கும். அதன் உரிமக் கட்டண ஏற்பாடு 2017இல் முடிந்துவிட்டதால் எந்த நிறுவனமும் தயக்கமின்றி அதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஏ.ஏ.சி. என்பது 1997இல் வந்தது. அதே அளவில் கொஞ்சம் தெளிவாக ஒலிக்கும். போன்களில் ஓடும், ஆனால் எல்லா மலிவுக் கருவிகளிலும் ஓடாது. கருவி வாங்கும்போது பெட்டியில் எந்தெந்த வடிவங்கள் எழுதியிருக்கின்றன என்று பார்த்து வாங்குங்கள்.

பிள்ளைகளுக்குக் குர்ஆன் கேட்கக் கொடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மிஸ்ரின் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்கள் முழுக் குர்ஆனையும் ஓதிப் பதிந்தது 1961இல் வெளிவந்தது. அன்று முதல் எத்தனையோ வீடுகளில் அந்த ஓதல் ஓர் உஸ்தாதாக இருந்து வருகிறது. தஜ்வீத் படிக்கும் பிள்ளைக்கு ஸீனுக்கும் ஸாதுக்கும் ஷீனுக்கும் உள்ள வேறுபாடு காதில் விழ வேண்டும். இந்த எழுத்துகளின் உரசல் ஒலி உயர்ந்த அதிர்வுகளில் இருக்கிறது. பழைய போன்கள் பதியும் ஏ.எம்.ஆர். கோப்பு நொடிக்கு 8,000 தடவைதான் அளக்கிறது. 4,000க்கு மேற்பட்ட அதிர்வு எதுவும் அதில் இராது. தொலைபேசியில் ஸீனா ஃபாவா என்று தடுமாறுவோமே, அது இதனால்தான். ஆகவே ஓதலுக்கு 128 கிலோபிட்டுக்குக் குறைய வேண்டாம். முழு ஓதலும் முப்பது மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

இன்னொன்று. எம்.பி.3 ஒலியைத் துண்டு துண்டாக வெட்டிக் கட்டுவதால் ஒவ்வொரு கோப்பின் ஓரத்திலும் சிறு வெறுமை ஒட்டிக்கொள்ளும். ஆயத்துக்கு ஒரு கோப்பாக இருந்தால் பல கருவிகளில் இடையிடையே தட்டுப்படும். மனனம் செய்யும் பிள்ளைக்கு அது உதவலாம். தொடர்ந்து கேட்க விரும்பும் வயதானவர்களுக்கோ ஸூராவுக்கு ஒரு கோப்பாக எடுத்துக் கொடுங்கள்.

இன்று கசெட்டின் இடத்துக்கு வாட்ஸ்அப் குரல் செய்திகள் வந்துவிட்டன. அவை ஓபஸ் என்ற வடிவத்தில் வருகின்றன. 2012இல் பொதுத் தரமான அது பேச்சுக்கு மிக நல்லது. ஆனால் சின்னக் கருவிகள் பலவற்றில் ஓடாது. வந்த கோப்பை வந்தபடியே எடுத்து வையுங்கள்; கேட்பதற்கு எம்.பி.3 கொப்பி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். போன் தொலைந்தால் குரலும் தொலையும் என்பதை மறக்க வேண்டாம்.

இழப்பு என்பது நமக்குத் தெரியாத விஷயமா? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமது சகோதரிகள் எதை எடுத்து வர முடிந்தது? 2004 டிசம்பர் 26இல் கிழக்கில் கடல் எதை விட்டு வைத்தது? ஆகவே பாதுகாக்கும் கோப்பை ஒரே வீட்டில் மட்டும் வைக்காதீர்கள். ஒன்று உங்களிடம், ஒன்று வேறு ஊரில் இருக்கும் சகோதரனிடம், ஒன்று வெளிநாட்டில் உள்ள பிள்ளையிடம் இருக்கட்டும்.

கசெட்டை எடுத்ததும் முதலில் அதன் முதுகில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தடுப்புகளையும் உடைத்துவிடுங்கள். பிறகு யாராவது சிவப்புப் பொத்தானை அமத்தினாலும் பதிவு அழியாது. மாற்றியபின் கசெட்டை எறிந்துவிடாதீர்கள். கோப்பின் பெயரில் பேசுபவர் யார், எந்த வருடம், எந்த ஊர் என்று எழுதி வையுங்கள். "இது மூத்தம்மாவின் குரல்" என்று அடையாளம் சொல்ல இன்று நாம் இருக்கிறோம். நமக்குப் பின்னால் பெயர் எழுதாத கோப்பு, யாரோ ஒரு பெண் பேசுவதாகத்தான் நமது பேரப்பிள்ளைகளுக்குக் கேட்கும்.