மாமாவின் பதினேழு இடங்கள்

2013ஆம் ஆண்டு ஓகஸ்ட் லீவில் கச்சான் காற்று மாமாவின் வலை இரண்டைக் கொண்டு போனது. மாலையில் விரித்துவிட்டு வந்த வலை, சுபஹுக்குப் பின் போய்ப் பார்த்தபோது வைத்த இடத்தில் இல்லை. மூன்றாம் நாள் எதிர்க்கரைப் புதருக்குள், அழுகிய திலாப்பியாக்களோடு சுருண்டு கிடந்தது. வலையைக் கரையில் போட்டு மீனைப் பிய்த்துக் கொண்டிருந்த மாமாவைப் பார்த்தபோதுதான், இதற்கு ஒரு கணக்கு வழி இருக்கத்தானே வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கணித வாத்தியாருக்கு வேறென்ன தோன்றும்!

உம்மாவின் தம்பியான மாமா, கந்தளாய்க் குளத்தில் வலை போடுகிறவர். 1990 முதல் 1994 வரை உள்நாட்டு மீன்பிடிக்கு அரசு கொடுத்துவந்த உதவி நிறுத்தப்பட்டிருந்தது. அந்த நாட்களிலும் குளத்தை விடாத சிலரில் அவரும் ஒருவர். கல்வியியற் கல்லூரியில் நான் படித்த காலத்தில் வீட்டிலிருந்து வந்த காசில் பாதிக்கு மேல் குளத்து மீன் விற்ற காசுதான்.

கட்டாரில் இருந்த மச்சானுக்குப் போன் எடுத்தேன். கையடக்க ஜீ.பீ.எஸ். ஒன்று வேண்டும் என்றதும் அவன் சிரித்தான். "வரைபடம், கலர்த் திரை எல்லாம் உள்ளது இருக்கு மச்சான், எடுக்கவா?" என்றான். நான் யோசித்தேன். கடைகளில் விற்கும் வரைபடத்தில் எங்கள் குளம் ஒரு நீலத் திட்டு. அதற்குள் எந்த மரக்குற்றி எங்கே நிற்கிறது என்பதை எந்தக் கம்பனி கீறி வைத்திருக்கிறது? வரைபடத்துக்குக் காசு கொடுப்பது வீண். எங்களுக்கு வேண்டியவை நாலே விடயங்கள்தான்: நனைந்தாலும் சாகக் கூடாது, கடையில் வாங்கும் பற்றரியில் ஓட வேண்டும், ஈரக் கையால் அமத்தக் கூடிய பொத்தான் இருக்க வேண்டும், இடங்களை நினைவில் வைக்க வேண்டும். கடைசியில் கார்மின் இட்ரெக்ஸ் 10 வந்து சேர்ந்தது. கறுப்பு வெள்ளைத் திரை, சின்னப் பற்றரி இரண்டு, இருபத்தைந்து மணித்தியாலம் ஓடும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் பழுதாகாது. ஆனால் மிதக்காது. மிதக்கிற மாதிரிகளும் இருக்கின்றன, விலை அதிகம். நான் வலை மிதப்பு ஒன்றைக் கயிற்றால் அதில் கட்டிவிட்டேன். யுத்தகாலமாக இருந்திருந்தால், இதைக் கையில் வைத்துக்கொண்டு எந்தச் சோதனைச் சாவடியைத் தாண்டியிருப்பேன் என்றும் நினைத்துக் கொண்டேன்.

முதல் நாள் வள்ளத்தில் அவமானம்தான் மிஞ்சியது. துடுப்பை நிறுத்திவிட்டு, அம்பு எங்கே காட்டுகிறது என்று பார்த்தால், அது பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றியது. இந்த மாதிரிக்குள் திசைகாட்டி கிடையாது. ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நகரும்போதுதான் நாம் எந்தப் பக்கம் போகிறோம் என்பதை அது கணக்கிட்டுக் கொள்ளும். நின்ற வள்ளத்தில் அதற்குத் திசை தெரியாது. இதைச் சொன்னேன்.

"நடந்தாத்தானா வழி சொல்லும்? நல்ல வழிகாட்டிதான் மருமகன்" என்றார் மாமா.

இரண்டாவது அவமானம் முழுக்க என்னுடையது. மாமா வழமையாக வலை போடும் ஓரிடத்தின் அகலக்கோட்டை 8 பாகை 21.300 கலை என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். பிறகு வகுப்பில் காட்டுவதற்காக இயந்திரத்தைப் பாகை, கலை, விகலை முறைக்கு மாற்றினேன். அடுத்த தடவை அதில் 21 கலை 30 விகலை என்று பதிந்தேன். 21.300 கலை என்பது 21 கலை 18 விகலை. வித்தியாசம் பன்னிரண்டு விகலைதான், தண்ணீரில் அது ஏறத்தாழ 370 மீற்றர். மாமா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, "உன்ட மெசின் சொல்ற இடத்துல மீனுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். தசமத்தில் பிழை விட்டால் பிள்ளைகளுக்குப் புள்ளி குறைக்கிறவன் நான்.

அப்போதுதான் அவர் எப்படி இடம் பிடிக்கிறார் என்பதைக் கவனித்தேன். ஒரு பக்கம் துருசுக் கட்டடமும் அதற்குப் பின்னால் நிற்கும் மரமும் ஒன்றை ஒன்று மறைக்க வேண்டும். மறுபக்கம் குன்றின் வெட்டு, கரையிலுள்ள பாறைக்கு நேரே வர வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பொருந்தும் இடத்தில் வலையின் முதல் கல்லை இறக்குவார். இரண்டு நேர்கோடுகள் வெட்டும் புள்ளி. தரம் பத்துப் பிள்ளைகளுக்கு நான் ஒரு தவணை முழுக்கப் படிப்பிப்பது இதைத்தான்.

அந்த இடங்கள் அவருக்கு எப்படிக் கிடைத்தன என்பது வேறு கதை. 1986 ஏப்ரல் 20 விடியற்காலையில் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. இரவில் யாரோ என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியது மட்டும் நினைவிருக்கிறது. மாமாவின் காக்காவுடைய வீடு போய்விட்டது. வீட்டுச் சாமான்கள் ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று தேடப் போன மாமா, அப்படியே தண்ணீர் வற்றிய குளத்துக்குள்ளும் இறங்கி நாட்கணக்காக நடந்திருக்கிறார். சேற்றில் நின்ற மரக்குற்றிகள், பள்ளங்கள், பாறைகள் எல்லாவற்றையும் காலால் மிதித்துப் பார்த்தவர் அவர். தண்ணீர் திரும்பி வந்தபின் அவை அவர் தலைக்குள் மட்டும் இருந்தன. பெற்ற மக்களுக்குக்கூட எல்லாவற்றையும் சொன்னதில்லை.

எனக்குச் சொன்னார். ஒவ்வொரு லீவிலும் ஒன்றிரண்டாக, பதினேழு இடங்கள். பொத்தானை அவரே அமத்தினார். பெயர் வைக்கச் சொன்னேன். "ஒண்டு, ரெண்டு எண்டே போடு" என்றார்.

இயந்திரத்தால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜனவரியில் ஒரு இரவு. குளம் நிறைந்திருந்தது. வாடைக்காற்றோடு மழை பிடித்துக் கொண்டது. துருசும் தெரியவில்லை, குன்றும் தெரியவில்லை. கரைக்கு நேரே வரச்சொல்லிக் கேட்டால் அம்பு குற்றிகளுக்கு மேலாலேயே நேர்கோடு காட்டும், வள்ளம் கிழிந்துவிடும். வந்த தடத்தையே திருப்பிக் காட்டும் வசதி ஒன்று இருக்கிறது. அதைப் போட்டேன். நான் திரையைப் பார்த்து "இடது, கொஞ்சம் இடது" என்று சொல்லச் சொல்ல மாமா வலித்தார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கரை தட்டியதும் மெசினை வாங்கித் தன் சாரத்தால் துடைத்துத் தந்தார். இதுபோன்ற ஒன்றை வாங்க யாரும் கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தத் தடம் திருப்பும் வசதியைத்தான். அடுத்ததாக, அது தண்ணீர் மட்டம் அறியாது என்பதை. நிறைகுளத்தில் பதிந்த ஏழாம் இடத்துக்கு ஓகஸ்டில் போனோம். அங்கே எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

பிழை நடந்தது அதற்கு அடுத்த வருடம். குளத்தில் தொழில் செய்யும் இளைஞன் ஒருவன், என்னிடம் படித்தவன், வலையைக் காற்றில் தொலைத்துவிட்டு வந்து நின்றான். "சேர், ஒரு கிழமைக்குத் தாங்க." கொடுத்தேன். எப்படிப் பாவிப்பது என்று அரை மணித்தியாலம் படிப்பித்தும் கொடுத்தேன். உள்ளே இருந்த பதினேழையும் அழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பத்து நாள் கழித்து மாமாவோடு போனேன். மூன்றாம் இடத்தில் வேறு ஆளின் மிதப்பு. ஐந்தில், ஒன்பதில், பதினொன்றிலும் அப்படியே. எட்டாம் இடத்தில் இரண்டு பேருடைய வலைகள் ஒன்றோடு ஒன்று சிக்கிக் கிடந்தன. மாமா கோபப்படுவார் என்று பார்த்திருந்தேன். அவர் வள்ளத்தைத் திருப்பினார்.

"மருமகன், அதுல உள்ளத அழிக்க ஏலுமா?"

"ஏலும் மாமா."

"அவனுகள்ட தலைக்குள்ள போனத?"

அந்த இளைஞனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவனுக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள். குளம் பொதுச் சொத்து என்று அவன் சொன்னால் நான் என்ன பதில் சொல்வது? இன்று இந்த மெசினும் தேவையில்லை. எல்லோர் கையிலும் போன். சிக்னல் இல்லாத இடத்திலும் செய்மதியைப் பிடித்து இடம் காட்டுகிறது. நல்ல பாடு கண்ட ஒருவன் கரைக்கு வருமுன்பே மற்றவர்களுக்கு வட்ஸ்அப்பில் இடத்தை அனுப்பி விடலாம். ஈரக் கைக்குத் திரை வேலை செய்யாது என்பது மட்டும்தான் குறை. ஆனால் 1986இல் சேற்றில் நடந்த ஒரு மனிதனுடையதை எடுத்துப் பகிர்ந்தவன் நானல்லவா. அவரிடம் மன்னிப்புக் கேட்க நான் இரண்டு தடவை வாயெடுத்தேன். இரண்டு தடவையும் அவர் வேறு கதை தொடங்கிவிட்டார்.

சென்ற நோன்புப் பெருநாள் லீவில் மாமா கூப்பிட்டனுப்பினார். கண்ணில் சத்திரசிகிச்சை செய்தபின் அவர் தனியே குளத்துக்குப் போவதில்லை. "மெசின், போன் எல்லாத்தையும் வீட்ட வெச்சிட்டு வா" என்றார். நான் வலித்தேன், அவர் முன்னால் இருந்தார். வான் பக்கமாக நெடுநேரம் போனோம். ஓரிடத்தில் கையை உயர்த்தினார். அது பதினேழில் இல்லாத இடம்.

"எனக்கு இப்ப தூரத்துல உள்ளது மங்கல். அந்தக் குன்றுக்கு நேரே என்ன நிக்கிது எண்டு நீ பாத்துச் சொல்லு."

பார்த்தேன். சொன்னேன். கல்லை இறக்கினோம்.