புதுப்பானையும் மனச்சாட்சியும்

டிசம்பர் 18

கிறிஸ்துமஸ் பண்டிகையே அஞ்ஞானிகளிடமிருந்து வந்தது, ஆகையால் விசுவாசிகளின் வீட்டில் அதற்கு இடமில்லை என்ற வாதம் இவ்வருஷம் எங்கள் வீட்டுக்குள்ளேயே நுழைந்திருக்கிறது. கல்லூரி விடுமுறைக்குப் பாளையங்கோட்டைக்கு வந்திருக்கும் என் தம்பி மகன், கல்லூரியில் ஒரு ஜெபக் குழுவில் கேட்டதை மனத்தில் வாங்கிக்கொண்டு, "வாசலில் நட்சத்திரம் கட்ட வேண்டாம், பெரியப்பா" என்று என்னிடம் மன்றாடிக் கேட்கிறான். அவனை அதட்டி அடக்க எனக்கு மனமில்லை. ஆண்டவருக்கு உகந்ததல்லாத ஒன்று வீட்டில் இருந்துவிடலாகாதே என்று அந்த வயதில் ஒருவன் கவலைப்படுவது சாமானியமான காரியமன்று.

அவன் சொல்வதற்கு ஆதாரமும் இல்லாமலில்லை. ரோமாபுரியில் 354ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட பஞ்சாங்கம் ஒன்றில், ஒரு பகுதி டிசம்பர் 25ஐ வெல்லப்படாத சூரியனின் பிறந்தநாளென்றும், மற்றொரு பகுதி அதே நாளைப் பெத்லெகேமில் கிறிஸ்து பிறந்த நாளென்றும் குறிக்கின்றன. சூரியனுடைய திருநாளைத் திருச்சபை தனதாக்கிக்கொண்டது என்பர் சில சரித்திராசிரியர். மரியாள் மார்ச் 25இல் கர்ப்பந்தரித்தாளென்று கொண்டு அங்கிருந்து ஒன்பது மாதம் எண்ணியே அந்தத் தேதியை அடைந்தார்கள் என்பர் வேறு சிலர். எது முந்தியதாயினும், அன்றைய தினம் விடியற்காலை ஆராதனைக்குப் புத்தாடை உடுத்திச் செல்லும் எங்கள் தெருவாரில் அந்த ரோமானிய சூரியனை மனத்திலும் நினைப்பவர் ஒருவருமில்லை. வழிபடுவாரற்றுப் போன தெய்வத்துக்கு அஞ்சி, இரட்சகரின் பிறப்பைப் பாடாமல் இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

டிசம்பர் 22

இந்த ஆட்சேபணை புதியதன்று. இங்கிலாந்தில் பியூரிட்டன் பக்தர்களின் கை ஓங்கியிருந்த காலத்தில், 1647இல், பாராளுமன்றம் கிறிஸ்துமஸையும் ஈஸ்டரையும் விலக்கியது. கடல் கடந்து மாசசூசெட்ஸில் குடியேறிய அவர்களுடைய இனத்தார் 1659இல் அந்நாளை ஆசரிப்பவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதமென்று சட்டமியற்றி, 1681இல்தான் அதை நீக்கினார்கள். வேதம் கட்டளையிடாததை ஆராதனையில் சேர்க்கலாகாது என்ற அவர்களுடைய பயபக்தியை நான் மெய்யாகவே மதிக்கிறேன். ஆனால் ஒருவன் ஒரு நாளை விசேஷித்ததாக எண்ணுவதையும், இன்னொருவன் எல்லா நாளையும் சமமாக எண்ணுவதையும், அவரவர் மனத்தின் நிச்சயத்துக்கே விட்டுவிட்ட பவுல் அப்போஸ்தலர், ரோமருக்கு எழுதிய நிருபத்தில் அபராதம் எதையும் பிரஸ்தாபிக்கவில்லை. நட்சத்திரம் கட்டினோம், தம்பி மகன் கைகொடுக்கவில்லை, தடுக்கவுமில்லை. அவ்வளவு போதும்.

டிசம்பர் 29

எங்களுக்கு உண்மையான சோதனை கிறிஸ்துமஸ் அல்ல, பொங்கலே. ரோமாபுரியின் சூரியன் ஏட்டில் மட்டும் இருக்கிறான். இங்கேயோ மதிலுக்கு அப்பால் இன்றைக்கும் அவனுக்குப் படையலிட்டுக் கைகூப்புகிறார்கள். ஆகையால் இரண்டுக்கும் ஒரே விடை சொல்லிவிட முடியாது.

601ஆம் ஆண்டில் போப்பாண்டவராயிருந்த முதலாம் கிரகோரியார், இங்கிலாந்துக்குப் புறப்பட்ட மெல்லித்துஸ் என்னும் துறவிக்கு ஒரு கடிதம் விடுத்தார். அங்குள்ளோரின் கோயில்களை இடிக்காமல் விக்கிரகங்களை மட்டும் அகற்றும்படியும், அதுவரை பலியாகக் கொன்ற மாடுகளை இனி விருந்துக்காக அடித்துக் கடவுளுக்கு ஸ்தோத்திரம் செலுத்தி உண்ணவிடும்படியும் அதில் எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் ராபர்ட் தெ நொபிலி, அந்தக் கடிதத்தையே தமக்குப் பிரமாணமாகக் காட்டி, புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் சிலுவையின் அடியில் பொங்கலிட இடங்கொடுத்தார். நான் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவன். அவர் சார்ந்த சேசு சபையாரின் போதனைகள் பலவற்றோடு எனக்குச் சம்மதமில்லை. ஆயினும் இந்த விஷயத்தில் அவருக்கு நன்றிக்கடன் பட்டவனாகவே இருக்கிறேன்.

அவருக்கு எதிர்ப்பு வராமலில்லை. ரோமாபுரியிலிருந்து வந்த தூர்னோன் என்ற பிரதிநிதி 1704இல் புதுச்சேரியிலிருந்து பிறப்பித்த கட்டளை, இந்நாட்டு வழக்கங்கள் பலவற்றைக் கண்டிப்பாக விலக்கிற்று. ஆனால் அத்தனை கண்டிப்பான கட்டளையும் பிள்ளையார் உருவம் பொறித்த தாலியை விலக்கிற்றேயல்லாமல், சிலுவை பொறித்த தாலியை விலக்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண்களின் கழுத்தில் இருப்பது அதுதான்; அது எங்கிருந்து வந்ததென்று கேட்டு அதைக் கழற்றச் சொன்னவர் எங்கள் குடும்பத்தில் எவருமில்லை. தம்பி மகனிடம் இதைச் சொன்னபோது அவன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "தாலியை ஒருவரும் கும்பிடுவதில்லையே, பெரியப்பா" என்றான். கூர்மையான விடை. வஸ்துவில் அன்று, வணக்கத்திலேயே விஷயம் இருக்கிறது என்பதை அவனே சொல்லிவிட்டான்.

ஜனவரி 13

நாளைக்கு முற்றத்தில் புதுப்பானை வைத்து, மழைக்கும் விளைவுக்கும் ஸ்தோத்திர ஜெபம் செய்து பொங்கலிடுவதென்றும், சூரியனை நோக்கிப் படைப்பதும் கற்பூரம் காட்டுவதும் கிடையாதென்றும் பேசி வைத்திருந்தோம். இன்று மாலை அந்த ஏற்பாடு மாறிற்று. சமீபத்தில் விசுவாசத்துக்கு வந்த ஒரு குடும்பத்தார் காலையில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். போன வருஷம்வரை அதே பானையைச் சூரியனுக்கென்றே வைத்தவர்கள் அவர்கள். எங்கள் முற்றத்துப் பானையைக் கண்டால், பழைய வணக்கத்துக்கும் இங்கே அனுமதி உண்டென்று அவர்கள் மனம் எண்ணலாம். விக்கிரகம் ஒன்றுமில்லையென்று அறிந்தவனுடைய அறிவு பலவீனனான சகோதரனைக் கெடுக்கலாகாதென்று கொரிந்தியருக்கு எழுதியது இத்தகைய சந்தர்ப்பத்துக்கன்றோ? என் மனைவிதான் முதலில் சொன்னாள்: "அடுப்பங்கரையிலேயே பொங்கிக்கிடுவோம். அவுக மனசு நிலைக்கட்டும், முத்தம் எங்க போயிரப் போவுது?" எனக்குச் சற்று வருத்தமே, எங்கள் தகப்பனார் காலத்திலிருந்து வந்த வழக்கம். ஆயினும் அவள் சொல்வதே நியாயம்.

ஜனவரி 14

அடுத்த வீட்டு அம்மாள் வழக்கம்போல் தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து, "படைக்கிறதுக்கு முன்னாலேயே உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிட்டேன், அண்ணாச்சி" என்று சொல்லி வைத்தாள். நாங்கள் கேட்டதில்லை, எங்கள் மனச்சாட்சியை அறிந்து, தன் பூஜைக்கு முன்பே எங்களுக்காக ஒரு பாத்திரத்தை விலக்கி வைக்கிறாள். படைத்ததென்று ஒருவன் அறிவித்தால் அறிவித்தவனுக்காக உண்ணாதிருக்கும்படி பவுல் புத்தி சொல்கிறார். படைக்காததென்று அறிவித்துக் கொடுப்பவளின் கையிலிருந்து ஸ்தோத்திரத்தோடு வாங்கி உண்ண எந்தத் தடையும் எனக்குத் தெரியவில்லை. புதிதாக வந்த குடும்பத்தாருக்கும் கேட்கும்படி அவள் அதைச் சொன்னது எனக்குப் பேருதவியாயிற்று, அவர்களும் உண்டார்கள். தம்பி மகன் உண்ணவில்லை. அவனுக்குத் தோசை வார்த்துக் கொடுக்கச் சொன்னேன். ஒருவரும் அவனைக் குறை கூறவில்லை.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். பசுவைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூச, அடுத்த வீட்டுப் பையனோடு தம்பி மகனும் தானாகவே போய்விட்டான். உழைக்கும் ஜீவனுக்கு ஒரு நாள் உபசாரம் செய்வதில் அவனுக்கு ஆட்சேபணை இல்லையாம். நெற்றியில் குங்குமம் மட்டும் வேண்டாமென்று சொல்லியிருக்கிறான், பையனும் சரியென்றிருக்கிறான். கழுத்துக்கு மாலை போடலாமா என்று இருவரும் என்னிடம் வந்து கேட்டார்கள். போடலாம் என்றேன்.