போனவரின் லாகின்

நேற்று ராத்திரி, எங்கள் ஃபின்டெக் நிறுவனத்தில் யாருக்கு எந்த சர்வரில் அனுமதி இருக்கிறது என்ற பட்டியலை வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையை விட்டுப் போய் நான்கு மாதமான ஒருவரின் லாகின் இன்னும் உயிரோடு இருந்தது. வயிற்றைக் கலக்கிவிட்டது. உடனே முடக்கினேன்.

இதேபோல் சின்ன அலட்சியத்தால் அமெரிக்காவின் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸில் நடந்த தரவுத் திருட்டு நினைவுக்கு வந்தது. 2017 மார்ச்சிலேயே அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு பேட்ச் வந்துவிட்டது. வாடிக்கையாளர் புகார் தளத்தில் அதைப் போடாமல் விட்டுவிட்டார்கள். மே மாதம் நுழைந்தவர்கள் ஜூலை கடைசி வரை உள்ளேயே இருந்தார்கள். டிராஃபிக்கைக் கண்காணிக்கும் கருவியின் சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. பேட்ச் போடுவது, சான்றிதழைப் புதுப்பிப்பது, இரண்டுமே ஒரு மதிய நேரத்தில் முடித்திருக்கக்கூடிய வேலைகள்!

இந்தத் துறையில் இருக்கும் நண்பர்களே, உங்கள் பட்டியலை இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள்.