பார்க்காத முகம்

நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் எப்படி இருப்பார் என்று தெரிய வேண்டுமா? கஷ்டமே இல்லை. 2001ல் மறைந்த அந்த நாதஸ்வர வித்வானுக்கு போட்டோக்கள் இருக்கின்றன. யாராவது அவரைப் படமாக வரைந்தால், போட்டோவைப் பக்கத்தில் வைத்து "மூக்கு சரியில்லையே" என்று சொல்லிவிடலாம்.

இப்போது அதே ஊரில் ராசிபுரம் பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம் திருவள்ளுவர் எப்படி இருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். உச்சிக்கொண்டை, நீண்ட தாடி, வெள்ளை உடை, ஒரு கையில் ஓலைச்சுவடி, இன்னொரு கையில் எழுத்தாணி... யாரும் தடுமாற மாட்டார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க போட்டோவும் கிடையாது, அவர் காலத்துச் சிலையும் கிடையாது!

அப்படியானால் நமக்குத் தெரிந்த முகம் எங்கிருந்து வந்தது? ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மாவின் கற்பனையிலிருந்து. குறளை எழுதியவர் எப்படி இருந்திருப்பார் என்று குறளை வைத்தே யோசித்து வரைந்தார் அவர். 1964ல் சென்னையில் சட்டமன்றத்தில் அந்தப் படம் திறந்து வைக்கப்பட்டது. பிறகு அரசு அலுவலகம், பாடப்புத்தகம், பஸ் என்று எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

நாம் ஏன் அதை நம்புகிறோம்? தாடி வளர்வதும், துணி மடிவதும், ஓலை நீளமாக இருப்பதும் நாம் பார்த்தவை. அவை அத்தனையும் நிஜம் போல இருப்பதால், நடுவில் இருக்கும் பார்க்காத முகமும் நிஜமாகிவிடுகிறது. தெரிந்த நான்கு பேர் ஜாமீன் போட்டு தெரியாத ஒருவருக்கு லோன் வாங்கித் தருவது மாதிரிதான் இது!

இதற்கு முன்பும் வள்ளுவருக்கு வேறு உருவம் இருந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் அதிகாரியாக இருந்த எல்லிஸ் காலத்துத் தங்க நாணயத்தில், அவர் குடைக்குக் கீழே அமர்ந்த துறவி. 2019ல் காவி உடுத்திய வள்ளுவர் படம் வந்தபோது பெரிய சண்டையே நடந்தது. "உண்மையான வள்ளுவரை மாற்றிவிட்டார்கள்" என்றார்கள். மாறியது ஒரு கற்பனையின் நிறம். அதற்காகச் சண்டை அற்பமானது என்று அர்த்தமில்லை. வள்ளுவர் யாருக்குச் சொந்தம் என்பதுதான் உண்மையான கேள்வி. அதை நேராகக் கேட்காமல் உடையின் நிறத்தில் கேட்டார்கள், அவ்வளவுதான்.

கணக்கில் எந்தப் பதிவுக்கும் ஒரு வவுச்சர் வேண்டும். வெள்ளை உடைக்கும் வவுச்சர் இல்லை, காவிக்கும் இல்லை. அடுத்த முறை பஸ்ஸில் அந்தப் படத்தைப் பார்த்தால், பக்கத்தில் எழுதியிருக்கும் குறளையும் படித்துவிடுங்கள். அவருடையது என்று நம் கையில் இருப்பது அது ஒன்றுதான்.