தப்பித்தவர்கள் கணக்கு

சென்ற மாதம் பழவேற்காட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். பொன்னேரி தாண்டி ஒரு முச்சந்தியில் வலது பக்கம் திரும்பும்போது, எதிரே வந்த வேன் என் பின்சக்கரத்தை ஒரு சாண் இடைவெளியில் விட்டுவிட்டுப் பறந்தது. டிரைவர் என் பரம்பரையை விசாரித்தார். நானும் விசாரித்தேன். அத்தோடு சரி. போலீஸ் கணக்கில் அன்று அங்கே எதுவுமே நடக்கவில்லை.

ஏரிக்கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவரிடம் கைநடுக்கம் அடங்காமல் இதைச் சொன்னேன்.

"முகத்துவாரத்துல படகைத் திருப்புறப்ப நாங்க அலையைப் பார்ப்போம் சார். பெருசு ரெண்டு மூணு போவட்டும்னு நிப்போம். நடுவுல ஒரு சந்து கிடைக்கும். அப்பதான் திருப்பணும். பக்கவாட்டுல அலை அடிச்சா கவுந்துடும்."

"எந்த இடம் ஆபத்துன்னு எப்படித் தெரியும்?"

"கவுந்த படகை வெச்சா? அதுக்குள்ள ஆள் போயிடுவான். கவுறப் பார்த்த படகை வெச்சுதான். எவன் படகு எங்க ஆடிச்சுன்னு சாயங்காலமே கரையில பேசிடுவோம்."

அரசாங்கக் கணக்கு வேறு. 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகுதான் படகுச் சவாரிக்குத் தடை வந்தது.

பெரியவர் சொன்னதைத்தான் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு முறையாகவே வகுத்திருக்கிறார்கள். சந்திப்பில் நின்று, மோதியதை அல்ல, மோதப் பார்த்ததை எண்ணுவது. இன்று வீடியோவிலும் எண்ணுகிறார்கள். நீங்கள் விலகிய இடத்தை எதிர்வண்டி எத்தனை வினாடி கழித்துத் தொட்டது? ஒரு வினாடிகூட இல்லையென்றால், அங்கே ஒரு சாவு காத்திருக்கிறது என்று அர்த்தம். அது விழும் முன்பே சாலையைத் திருத்தலாம்.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி வினாடிக்குச் சுமார் 17 மீட்டர் பாயும். நீங்கள் வலது பக்கம் திரும்பி முடிக்க 4 வினாடி என்றால், அதற்குள் அது 67 மீட்டர் வந்துவிடும். 'தூரத்துலதானே வருது' என்று நாம் நினைக்கும் தூரம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

இந்தியாவில் 2022-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அன்றாடம் சாண் இடைவெளியில் தப்பிக்கிறவர்களை யாரும் எண்ணவில்லை. அடுத்த முறை தப்பித்தால் சாமிக்குத் தேங்காய் உடையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே எந்தச் சந்திப்பு, எத்தனை மணி என்று எழுதி, உங்கள் ஊர்ப் போக்குவரத்து போலீசுக்கு ஒரு மனுவும் போடுங்கள். நான் போட்டுவிட்டேன்.

திரும்பும்போது அதே முச்சந்தி. எதிரே ஒரு லாரி, பின்னால் ஒரு பஸ். சந்து கிடைக்கட்டும் என்று நின்றேன். எனக்குப் பின்னால் நாலு பேர் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டுமே!