தொண்டையில் நின்ற கல்

லெனானா முனையில் போய் உட்கார்ந்தபோது காலை ஆறரை மணி. 4985 மீட்டர். விரல்கள் மரத்துப்போயிருந்தன. மெக்கிண்டர் முகாமிலிருந்து ராத்திரி இரண்டரைக்குக் கிளம்பி, வழிகாட்டி "போலே போலே" என்று சொல்லச் சொல்ல, மெதுவாக ஏறி வந்த களைப்பு. எதிரே பாட்டியனும் நெலியனும் கறுப்பாக நின்றன. 5199 மீட்டர் பாட்டியனுக்குக் கயிறு கட்டித்தான் ஏற வேண்டும். என்னைப் போன்ற ஆபீஸ்காரர்களுக்கு லெனானாவே உச்சி.

கென்யா மலை அணைந்துபோன எரிமலை என்று தெரியும். அதனால் மேலே கிண்ணம் மாதிரி ஒரு பெரிய வாய் இருக்கும் என்று நினைத்திருந்தேன். "வாய் எங்கே?" என்று கேட்டேன். வழிகாட்டி தலைக்கு மேலே வெறும் வானத்தைக் காட்டினார்.

அங்கேதான் இருந்ததாம். சுமார் 30 லட்சம் வருஷங்களுக்கு முன், எரிகுழம்பும் சாம்பலும் மாறி மாறிக் கொட்டி, அடுக்கடுக்காக வளர்ந்த மலை இது. 6000 மீட்டருக்கும் மேல் இருந்திருக்கும் என்கிறார்கள். ஒரு கட்டத்தில் வெடிப்பு நின்றது. வெளியே வராத குழம்பு தொண்டையிலேயே தங்கி, மெல்ல ஆறி, நெஃபலின் சயனைட் என்ற கெட்டிப் பாறையாக இறுகியது. பிறகு பனிக்காலங்கள். பனியாறுகள் திரும்பத் திரும்ப இறங்கி மலையைச் சுரண்டின. வாய் போனது, தோள்கள் போயின. தொண்டையில் நின்றது மட்டும் போகவில்லை. நாம் உச்சி என்று சொல்வது அந்தக் கல்லைத்தான்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. இருந்த வயலில் பாதியை விற்று என்னைப் படிக்கவைத்தவர். படித்துவிட்டு இவ்வளவு தூரம் போகிறானே என்று அவருக்குக் கோபம். நைரோபிக்குக் கிளம்புமுன் பெரிய சண்டை. யார் என்ன கத்தினோம் என்பதெல்லாம் மறந்துவிட்டது. சொல்ல வந்து நான் விழுங்கியது மட்டும் அப்படியே இருக்கிறது. மூன்று வருஷமாகப் போனில் அம்மா மட்டும்தான். "அப்பா எப்படிம்மா இருக்காரு?" "இருக்காரு." அவ்வளவுதான்.

இறங்கும் வழியில் லூயிஸ் பனியாறு அழுக்குப் போர்வைத் துண்டாகக் கிடந்தது. "நான் மொதல்ல வந்தப்போ இங்க பனி மேலயே நடந்தோம்" என்றார் வழிகாட்டி. மலையைச் செதுக்கிய உளியே இப்போது கரைந்துகொண்டிருக்கிறது. அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நைரோபி திரும்பும் பாதையில், காரட்டினா பக்கம், சரிவெல்லாம் காப்பியும் தேயிலையும். எரிமலைப் பாறை மக்கி உண்டான செம்மண். உடைந்து, கரைந்து, இறங்கி வந்ததில்தான் இத்தனை பேர் விளைவித்துச் சாப்பிடுகிறார்கள். மேலே நின்றுவிட்ட கல்லில் ஒன்றும் முளைக்காது.

வீட்டுக்குப் போன் போட்டேன். "அப்பாகிட்ட குடும்மா."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவருடைய கனைப்பு. நான் மலையைப் பற்றி, மண்ணைப் பற்றி ஏதேதோ உளறினேன். குறுக்கே ஒன்றும் சொல்லாமல் கேட்டார்.

"செம்மண்ணா? கையில எடுத்துப் பாத்தியா?"

இல்லை. டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.